ஐம்பத்து நான்கு ஃப்ரிட்ஜும் மெதுவாக்காவும்

மெதுவாக்கா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தம்பியின் வாயிலிருந்து. அதுவும் நல்ல விதமாக இல்லை. அப்போது கிடங்கு வாசலில் டீக்கடை போட்டிருந்தேன். கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், ஒரு மேஜை, ஒரு அடுப்பு, மழை வந்தால் இழுத்துக் கட்ட ஒரு தார்ப்பாய். உள்ளே காலை ஷிஃப்ட் லோடு ஆட்களுக்கு என் தம்பிதான் மேஸ்திரி. பதினொரு மணிக்கு வந்து கிளாஸைக் கையில் வாங்கியவன், குடிக்காமல் பொரிந்து தள்ளினான்.

"இனிமே பொட்டி தூக்கணும்னா மெதுவாக்காகிட்ட பாடம் கேட்டுட்டுத்தான் தூக்கணுமாம். இருபத்திரெண்டு வருஷமா நான் என்ன பூப்பறிச்சுக்கிட்டா இருந்தேன்?"

"யாருடா அது மெதுவாக்கா?"

"மெதுவா, மெதுவா, மெதுவான்னு காலையிலேருந்து நூறு தடவை சொல்லிட்டா. பசங்க பேரே வச்சுட்டானுங்க. உனக்குத் தெரிஞ்சவதான், போய்ப் பாரு."

சொல்லிவிட்டு டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு போய்விட்டான். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மறுநாள் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நானே உள்ளே போனேன். தகரக் கூரை போட்ட அறையில் மஞ்சள் சட்டையும் தொப்பியுமாக ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். திரும்பினாள் பாருங்கள், என் நாத்தனாரின் மூத்த மருமகள்!

உறவைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. அவளுடைய மூத்த மகனுக்கு நான் அத்தை, என் தம்பி சித்தப்பா முறை. அந்தப் பையன் கட்டிக்கொண்டவள்தான் இவள். ஆகவே இவளுக்கு நான் பெரியம்மா, என் தம்பி மாமனார் முறை. மாமனாரை நிற்கவைத்து மருமகள் குனியச் சொல்லித் தருகிறாள் என்றால் அந்த அறையில் எவ்வளவு புகை கிளம்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் புருஷனும் அதே கிடங்கில்தான் மூட்டை தூக்கினான், மதிய ஷிஃப்டில். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் ஓவர்டைம் என்று காலை ஷிஃப்டோடு சேர்ந்து வேலை செய்தான். ஒரு வாஷிங் மெஷினை ஒரு முனையில் என் தம்பியும் மறுமுனையில் அவனும் தூக்கினார்கள். தூக்கின வேகத்தில் அவன் "அம்மா" என்று உட்கார்ந்தவன்தான், நாலு மாதம் பாயை விட்டு எழவில்லை. அதற்குப் பிறகு நடந்தான், ஆனால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்த்தான்.

"சித்தப்பா வெடுக்குன்னு தூக்கிட்டாரு" என்று அவன் சொன்னான்.

"அவன் சோம்பேறி, லேட்டா தூக்கினான்" என்று என் தம்பி சொன்னான்.

அவ்வளவுதான், இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. நான் நடுவில் மத்தளம். அங்கே போனால் "உன் தம்பி" என்று ஒரு இடி, இங்கே வந்தால் "உன் நாத்தனார் மகன்" என்று ஒரு இடி.

இவளோ வாய் திறக்கவில்லை. அதே கிடங்கில் பெட்டிக்கு டேப் ஒட்டும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினைந்து நாள் பாதுகாப்புப் பயிற்சி, பாரம் தூக்குவது எப்படி என்று கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர யார் போகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது, ஆண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்களாம். இவள் கையைத் தூக்கினாள். "இன்னொருத்தி வீட்ல பாய் விரிக்கக் கூடாது பெரியம்மா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவள் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

மெதுவாக்கா என்று பேர் வைத்தவர்களுக்குக் கண் இல்லை போலிருக்கிறது. அவள் அளவுக்கு வேகமானவளை நான் பார்த்ததில்லை. நடந்தால் ஓட்டம், பேசினால் ரயில். பாரம் தூக்கும் இடத்தில் மட்டும்தான் அந்த மெதுவா.

அன்றைக்கு நான் போன நேரம், வகுப்பு சூடாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டிக்குள் செங்கல் அடுக்கி வைத்திருந்தாள்.

"காலை அகட்டி வைங்க. முட்டியை மடக்குங்க, இடுப்பை வளைக்காதீங்க. பெட்டியை உடம்போட அணைச்சுப் பிடிங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அணைக்கிறதுக்கு வீட்ல ஆள் இருக்குக்கா" என்றான்.

"முதுகு போச்சுன்னா அந்த ஆள் தைலம் தேய்ச்சே சலிச்சுப் போயிடும்ணே. பெட்டியை அணைங்க, வீட்ல சண்டை வராது."

கொல்லென்று சிரிப்பு. அடுத்து என் தம்பியைக் கூப்பிட்டாள். கையில் ஒரு நீளக் கட்டை. அதை அவன் முதுகோடு நிறுத்தி, தலையிலும் தோளிலும் இடுப்பிலும் படும்படி பிடிக்கச் சொன்னாள். குனியும்போது மூன்று இடமும் கட்டையை விட்டு விலகக் கூடாது. விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம்.

என் தம்பி கட்டையைத் திரும்பிப் பார்த்தான். முகம் மிளகாயாகிவிட்டது.

"தொடப்பக் கட்டையையா என் முதுகுல வைக்கிறே?"

"அய்யய்யோ, தொடப்பம் இல்ல மாமா. தரை துடைக்கிற மாப்பு. முனையைக் கழட்டிட்டுத்தான் கொண்டுவந்தேன், பாருங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்! எங்க அப்பன் கூட என்னை அதால தொட்டதில்ல!"

விறுவிறுவென்று வெளியே போனான். பதினாறு பேரில் ஒன்பது பேர் அவன் பின்னாலேயே போனார்கள். கெட்டிலோடு நின்ற நான் யார் பக்கம் என்று தெரியாமல், மிச்சம் இருந்தவர்களுக்கு டீ ஊற்றினேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்தக் கட்டையைத் தன் முதுகிலேயே வைத்துக்கொண்டு குனிந்து காட்டினாள்.

காலை ஷிஃப்டுக்குக் காலையில், மதிய ஷிஃப்டுக்கு மதியத்தில் என்று மூன்று வாரம் நடத்தினாள். என் தம்பி வருவான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். மதிய ஆட்களுக்குத் தலைவன் ஒரு நெட்டை ஆள், ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். அவன் பரவாயில்லை, சொன்னபடி செய்வான், ஆனால் அவ்வளவு உயரத்துக்கு முட்டியை மடக்குவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

மூன்றாம் வாரம் மேனேஜர் பொறுமை இழந்தார். கெட்டவர் இல்லை அவர், மேலிடத்திலிருந்து அவருக்கும் நெருக்கல். அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் அவருக்கு டீ கொண்டுபோயிருந்தேன்.

"இதோ பாரும்மா. நீ வந்ததுலேருந்து லோடு இறங்கறது லேட்டாகுதுன்னு எல்லாரும் புலம்பறாங்க. வெள்ளிக்கிழமை ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ் லாரி வருது. ஐம்பத்து நாலு பீஸ். ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா ஒரு மணிக்குள்ள இறங்கணும். ஒரு ஃப்ரிட்ஜ் நசுங்கக் கூடாது, ஒரு ஆளுக்கு அடிபடக் கூடாது. ரெண்டு ஷிஃப்ட் ஆளையும் சேர்த்துத் தர்றேன். உன் வழியிலேயே செய். முடிஞ்சா பயிற்சி தொடரும். முடியலேன்னா நீ டேப் மேஜைக்குப் போயிடு, மறுபடி இந்தப் பேச்சே வேண்டாம்."

"சரி சார்" என்றாள். வெளியே வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள் பாருங்கள், வளையல் என் தோலில் பதிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் கடையை மூடவில்லை, ஆனால் அடுப்புப் பக்கம் திரும்பவும் இல்லை, லோடு இறக்கும் மேடையோரமே நின்றேன். லாரி பின்பக்கமாக மேடையில் வந்து ஒட்டி நின்றது. லாரிக்குள் தூக்கும் வண்டி நுழையாது, இடம் போதாது. உள்ளே இரண்டு இரண்டு பேராக ஃப்ரிட்ஜைத் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும், வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் அடுக்க வேண்டும். உள்ளே தூக்குவதில்தான் எல்லாச் சங்கடமும்.

ஒன்பது மணி அடித்தது. அவள் ஆட்களைப் பிரித்து நிறுத்தினாள். முதலில் அவரவர் ஷிஃப்ட் ஆளோடு அவரவர். அடேயப்பா, என்ன அழகு! முட்டி மடங்குகிறது, முதுகு நேராக நிற்கிறது, ஃப்ரிட்ஜ் மார்போடு ஒட்டி வருகிறது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. சுவரில் அவள் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். என் தம்பிகூட, கையைக் கட்டாமல், உள்ளே இறங்கித் தூக்கினான். ஏன் என்று கேட்டேன். "இவனுங்க தூக்கற அழகைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா?" என்றான். அவனுக்குப் பாரத்தைப் பார்த்தால் கை அரிக்கும்.

பத்தரை மணிக்கு இருபத்தோரு கோடு. அப்போது சில பேர் தண்ணீர் குடிக்கப் போக, ஜோடிகள் மாறின. என் தம்பிக்கு எதிரே ஒட்டகம் வந்து நின்றான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றான் என் தம்பி.

அவன் முனை மேலே போனது. ஒட்டகத்தின் முனை தரையிலேயே இருந்தது. ஃப்ரிட்ஜ் சாய்ந்து, எடை மொத்தமும் சரசரவென்று ஒட்டகத்தின் மேல் இறங்கியது. அவன் முட்டி மடங்கியது, முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த இருவர் பாய்ந்து தாங்கியிராவிட்டால் ஃப்ரிட்ஜும் போயிருக்கும், ஒட்டகமும் போயிருப்பான்.

"என்னய்யா லேட்டா தூக்கறே?" என்று என் தம்பி கத்தினான்.

"நீ ஏன்யா அவசரப்படறே?" என்று ஒட்டகம் கத்தினான்.

இந்த இரண்டு வார்த்தையையும் இரண்டு வருஷமாக இரண்டு வீட்டிலும் கேட்டுக் காது புளித்தவள் நான்! அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் சாக்கட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள்.

"நிறுத்துங்க!" என்றாள். "எல்லாரும் கீழ வைங்க. கொஞ்ச நேரம் யாரும் எதையும் தூக்க வேண்டாம்."

மேனேஜர் மேடைக்கு ஓடிவந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினே? மணி என்ன தெரியுமா?"

"தெரியும் சார். ஒருத்தர் முதுகு போயிருக்கும் சார் இப்ப."

"போகலையே!"

"அடுத்த ஃப்ரிட்ஜுல போகும்."

அவள் லாரிக்குள் ஏறினாள். என் தம்பியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, நீங்க எப்ப தூக்குவீங்க? மூணு சொல்றப்பவா, சொல்லி முடிச்சப்புறமா?"

"இது என்ன கேள்வி? மூணு சொல்றப்பத்தான். மூணும் தூக்கறதும் ஒண்ணுதானே."

"நீங்கண்ணே?"

ஒட்டகம் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "மூணு சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் தூக்குவோம். எங்க ஷிஃப்ட்ல எல்லாரும் அப்படித்தான். பழைய கிடங்குலேயே அப்படித்தான் பழக்கம்."

"காலை ஷிஃப்ட்ல எல்லாரும் மூணுலேயே தூக்குவீங்களா?"

"ஆமா" என்று எட்டுப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "என் தப்பு. காலையில தனியா, மதியத்துல தனியா சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு ஷிஃப்டும் தங்களுக்குள்ள சரியாத் தூக்கினீங்க. முட்டியைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன், எண்ணறதை நான் பார்க்கவே இல்ல."

பிறகு மெல்லச் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "எங்க வீட்டுக்காரரு மதிய ஷிஃப்ட் ஆளு. அன்னைக்கு ஓவர்டைம்னு காலையில வந்திருந்தாரு."

என் தம்பி ஃப்ரிட்ஜின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அவன் காது சிவந்ததைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. இவன் வெடுக்கென்று தூக்கியதுமில்லை, நாத்தனார் மகன் சோம்பேறியுமில்லை. அவனவன் பழக்கப்படி அவனவன் சரியாகத்தான் தூக்கியிருக்கிறான்.

அழ நேரமில்லை, மணி பதினொன்றை நெருங்கியது. உடனே சண்டை ஆரம்பித்துவிட்டது, எந்த எண்ணிக்கை சரி என்று.

"மூணுலேயே தூக்கறதுதான் சரி."

"மூச்சு விட்டுத் தூக்கினாத்தான் தெம்பு."

"உங்க தெம்பை நாங்க பார்த்தோம்!"

"எண்ணவே வேண்டாம்!" என்று அவள் கத்தினாள். ரயில் வேகம் வந்துவிட்டது. "ஒண்ணு ரெண்டு மூணே கிடையாது. ஒருத்தர் எதிர்ல இருக்கிறவர் கண்ணைப் பார்த்து 'ரெடியா' கேக்கணும். அவர் 'ரெடி'ன்னு சொல்லணும். சொல்லலேன்னா கை வைக்கக் கூடாது. அப்புறம் 'ஏத்து'. ஏத்துன்னதும் தூக்கணும். இறக்கறப்பவும் அப்படித்தான். வாங்க, செங்கல் பெட்டியில பத்து தடவை."

"இப்பவா?" என்று மேனேஜர் அலறினார்.

"இப்பத்தான் சார்."

செங்கல் பெட்டி வந்தது. ஜோடி மாற்றி மாற்றித் தூக்கவைத்தாள், காலை ஆளோடு மதிய ஆள். முதலில் தடுமாறினார்கள், "மூணு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஒருவன் "ரெடியா"வுக்குப் பதில் "சௌக்கியமா" என்றான், எல்லோரும் சிரித்ததில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைசியில் என் தம்பி வந்தான். எதிரே யார் என்று பார்த்தால், அவளே நிற்கிறாள்.

"ரெடியா மாமா?"

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். "ரெடி மருமகளே."

"ஏத்து!"

இரண்டு முனையும் ஒரே மட்டமாக எழுந்தது. மேலே ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்திருந்தால் சிந்தியிருக்காது. முட்டியையும் மடக்கினான் என் தம்பி, நான் பார்த்தேன், கட்டை வைத்தாலும் விலகியிருக்காது.

மறுபடி தொடங்கும்போது பதினொன்றே கால். முப்பத்து மூன்று ஃப்ரிட்ஜ் பாக்கி. பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! லாரிக்குள் நாலு மூலையிலிருந்தும் "ரெடியா, ரெடி, ஏத்து" என்று ஒரே முழக்கம். தள்ளுவண்டிகள் கடகடவென்று ஓடின. யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டாமல் இருந்ததிலேயே எவ்வளவு நேரம் மிச்சம் தெரியுமா? நான் கெட்டிலோடு மேடைக்கும் கடைக்கும் ஓடினேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். லாரி டிரைவர் சக்கரத்தில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு ஃப்ரிட்ஜுக்கும் விரல் மடக்கினார். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. மணி ஒன்று அடித்தபோது உள்ளே நாலு நின்றது.

"விடாதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

ஐம்பத்து நாலாவது இறங்கியபோது மணி ஒன்று எட்டு.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வியர்வை கழுத்தில் ஓடியது.

"எட்டு நிமிஷம் லேட்" என்றார் அவர்.

"ஆமா சார்" என்றாள் அவள்.

லாரி டிரைவர் முன்னால் வந்தார். "சார், நான் பேசலாமா? இந்தக் கிடங்குலேருந்து மூணு மணிக்கு முன்னால நான் வண்டியை எடுத்ததே இல்ல. இன்னைக்கு வீட்ல போய்ச் சாப்பிடப் போறேன். என் பொண்டாட்டி என்னமோ ஏதோன்னு பயந்துக்கப் போறா."

ஆட்கள் சிரித்தார்கள். என் தம்பி சிரிக்கவில்லை. மேனேஜர் எதிரில் போய் நின்றான்.

"சார், எட்டு நிமிஷத்துக்கு என்னைக் கேளுங்க, அவளைக் கேக்காதீங்க. மூணு வாரம் கையைக் கட்டிக்கிட்டு நின்னது நான்தான். அன்னைக்கே ரெண்டு ஷிஃப்டும் ஒண்ணா நின்னு கத்துக்கிட்டிருந்தா இன்னைக்கு நிறுத்த வேண்டி வந்திருக்காது. இனி 'ரெடியா' கேக்காம இந்தக் கிடங்குல ஒரு பொட்டிகூட என் ஆளுங்க தொடமாட்டாங்க. சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். அவ வேணும்."

"எங்க ஆளுங்களும்தான்" என்றான் ஒட்டகம், முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

மேனேஜர் ஃப்ரிட்ஜ் வரிசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. திரும்பி வந்து அவளிடம், "திங்கட்கிழமையிலேருந்து ரெண்டு ஷிஃப்டையும் ஒண்ணா வச்சுச் சொல்லிக்கொடு. தகர அறை பத்தாது, பின்னால ஷெட்டைக் காலி பண்ணித் தரச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். பாராட்டு எல்லாம் அவருக்கு வராது.

அவள் கால் தரையில் படவில்லை. "பெரியம்மா!" என்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், கெட்டிலில் மிச்சம் இருந்த டீ எல்லாம் என் சேலையில்!

வேலை விட்டதும் என் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. என்னைக் கடையை மூடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு நேராக நாத்தனார் வீட்டுக்கு நடந்தான். இரண்டு வருஷம் கழித்து அந்தப் படி ஏறுகிறான். நாத்தனார் மகன் தரையில் உட்கார்ந்து ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். எங்களைப் பார்த்து எழப் பார்த்தான்.

"உக்காரு, உக்காரு" என்று தம்பியும் எதிரே தரையில் உட்கார்ந்தான். "நீ லேட்டா தூக்கலடா. நான் மூணுலேயே தூக்குற ஆளு, நீ மூணுக்கு அப்புறம் தூக்குற ஆளு. நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியல. சோம்பேறின்னு ஊர் பூரா சொன்னேன். தப்புடா."

அவன் ஸ்குரூ டிரைவரைக் கையில் உருட்டினான். "நானும்தான் சொன்னேன் சித்தப்பா. நீங்க வேணும்னே வெடுக்குன்னு தூக்கினீங்கன்னு."

"சொன்னியா? அந்த 'வேணும்னே' மட்டும் எனக்கு வரவே இல்லையே!"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நடுவில் முழுங்கியவள் நான்தானே. நான் எழுந்து நாத்தனாரைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷமாகிறது. மெதுவாக்கா இப்போது அதே கம்பெனியின் மூன்று கிடங்குகளுக்கும் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறாள். பெரிய கிடங்குக்கு அடுத்த தெருவில், மாடியில், புருஷனோடும் இரண்டு பெண்களோடும் வாடகை வீட்டில் குடியிருக்கிறாள்.